காலடியில் இருந்த டிம்-பிரைட் சுவிட்ச் கைக்கு வந்துவிட்டது

வேலை முழுசாக முடியவில்லை. ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் தண்டை மூடியிருக்கும் குழாய்) கவர் இன்னும் கழற்றியபடியே கிடக்கிறது. ஆனால் நேற்று இரவு வளைவுப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். எதிரே வண்டி வந்த ஒவ்வொரு முறையும் ஒரு விரலை நீட்டியதோடு டிம் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் கவர் மாட்டுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

பழைய வண்டி. டிம்-பிரைட் சுவிட்ச் தரையில், கிளட்சுக்குப் பக்கத்தில், இடது காலால் மிதிக்கும் வகை. ஒரு மிதி மிதித்தால் பிரைட், இன்னொரு மிதிக்கு டிம். நேர்ச்சாலையில் ஓட்டுபவருக்கு அதில் குறையே தெரியாது. நான் பெரும்பாலும் இரவில் ஓட்டுபவன், அதுவும் வளைவு மேல் வளைவாக வரும் சாலையில். வளைவுக்குள் நுழையும்போது கியரைக் குறைக்கக் கிளட்சில் கால் இருக்கும். சரியாக அந்த நொடியில்தான் எதிர் வண்டியும் திரும்பி வரும். ஒரு கால் இரண்டு வேலை செய்யாது. கிளட்சை விட்டு, சுவிட்சைத் தேடி மிதிப்பதற்குள் எதிரே வருபவரின் கண்ணில் முழு வெளிச்சமும் அடித்து முடிந்திருக்கும். அடுத்தவரைக் கண் கூச வைத்து ஓட்டுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கழித்த வண்டி ஒன்றிலிருந்து எடுத்த காம்பினேஷன் சுவிட்ச், அதாவது இண்டிகேட்டரும் டிம்-பிரைட்டும் ஒரே லீவரில் வரும் ஸ்டீயரிங் சுவிட்ச், கையில் இருந்தது. அதன் லீவரை இதற்குப் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

ஒயரிங்கைவிட என்னை அதிகம் உட்கார வைத்தது லீவர் நிற்கும் இடம்தான். கம்பெனி லீவர்கள் பெரும்பாலும், ஸ்டீயரிங்கைக் கடிகாரமாக நினைத்தால் கை 9 மணி, 3 மணி இடத்தில் இருக்கும் என்ற கணக்கில் அமைந்தவை. நான் பிடிப்பது அதற்குக் கீழே, 8 மணி, 4 மணி பக்கம். அவர்கள் கணக்குப்படி வைத்தால் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையை எடுத்து மேலே கொண்டுபோக வேண்டும். அப்படியென்றால் காலால் மிதிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தக் கைப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை: கியர் மாற்றாத கை. கியர் மாற்றும் நேரத்திலும் ஸ்டீயரிங்கை விடாத கை அதுதானே.

ஒரு மூங்கில் குச்சியை லீவர் நீளத்துக்கு வெட்டி, காலத்தில் டேப்பால் ஒட்டி, இருக்கையை என் வழக்கப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடி நடுவிரலை நீட்ட வேண்டும், கட்டைவிரல் ரிம்மை விட்டு அசையக் கூடாது. விரல் குச்சியில் படாவிட்டால் குச்சியை நகர்த்த வேண்டும். இப்படியே நகர்த்தி நகர்த்தி, ரிம்முக்கும் குச்சிக்கும் நடுவே நான்கு விரற்கடை என்று நின்றது. அதைவிட நெருங்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது விரல் கணு இடித்து, தானாக பிரைட் விழும். தள்ளிப் போனால் எட்டிப் பிடிக்க வேண்டும். நுனியைக் கீழே சாய்த்தால் அந்தப் பக்கத்து முழங்கால் இடிக்குமோ என்று பயந்தேன். பெடலிலிருந்து காலை நன்றாகத் தூக்கிப் பார்த்தேன், இரண்டு விரல் இடைவெளி இருந்தது. சாவி வளையமும் தட்டவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்த பிறகுதான் காலத்தில் கோடு போட்டேன்.

சுவிட்சைக் காலத்தில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் என் காலத்தைவிடப் பெரியது. ரப்பர் சுற்றி இறுக்கலாம் என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ரப்பர் இருந்தால் லீவரைத் தள்ளும்போது கிளாம்பும் சேர்ந்து கொஞ்சம் நெளியும், ‘டக்’ என்று விழுகிற உணர்வு மழுங்கிப் போகும். அலுமினியத் தகட்டை வளைத்து உறை மாதிரி செருகினேன், கல் மாதிரி நிற்கிறது. காலத்தில் மட்டும் துளை போடவே வேண்டாம். மோதலில் மடங்கிக் கொடுக்கும்படி செய்த காலமாக இருந்தால் அந்தக் குணம் கெட்டுப்போகும். ஸ்குரூ உள்ளே போய்ச் சுழலும் ஷாஃப்டைத் தொடவும் வாய்ப்புண்டு. இண்டிகேட்டர் என் வண்டியில் தனியாக இருக்கிறது, அதைத் தொடவில்லை. அதனால் இண்டிகேட்டருக்கான மேல்-கீழ் அசைவு இந்த லீவருக்குத் தேவையில்லை, ஆடாமலிருக்க உள்ளே ஒரு சின்ன பித்தளைத் துண்டு வைத்துத் தடுத்துவிட்டேன்.

ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். லீவர் வெறும் சிக்னல் அனுப்ப, கம்ப்யூட்டர் லைட்டைப் போடும் புது வண்டிகளுக்கு இந்த வழி சரிப்படாது.

அப்புறம் ஒயரிங். எச்4 பல்பு, பிரைட் 60 வாட், டிம் 55 வாட். தரை சுவிட்ச் வழியாக இரண்டு பல்பின் முழுக் கரண்டும், கிட்டத்தட்ட 10 ஆம்பியர், ஓடிக்கொண்டிருந்தது. ஷூ ஈரமும் மண்ணும் விழுகிற இடம், கான்டாக்ட் பச்சை பூத்திருந்தது. புது லீவருக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்று ரிலேவுக்கு மாற்றினேன். ரிலே என்பது, உள்ளே இருக்கும் காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) சின்னக் கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டை மாற்றிவிடும் சுவிட்ச். ஒரு விளக்குக்கு, கரண்ட் கொடுக்க ஒரு ஃபீட் ரிலே, டிம்-பிரைட் மாற்ற ஒரு மாற்று ரிலே (காயில் இழுக்காதபோது கரண்ட் 87ஏ முனைக்கும், இழுத்தால் 87க்கும் போகும்), தனி 15 ஆம்பியர் ஃபியூஸ். ஆக மொத்தம் நான்கு ரிலே. ஒன்றே போதுமே என்பவர்களுக்கு என் பதில்: அந்த ஒன்று போனால் வளைவின் நடுவில் இரண்டு விளக்கும் சேர்ந்து அணையும். என் அமைப்பில் எந்த ரிலே போனாலும் ஒரு பக்கம் எரியும். டிம் 87ஏயில் இருப்பதால் மாற்று ரிலேயின் காயில் செத்தாலும் லைட் டிம்மில்தான் நிற்கும். 87இலிருந்து ஒரு மெல்லிய ஒயர், பிரைட் எரிவதைக் காட்டும் டேஷ்போர்டு நீல விளக்குக்குப் போகிறது.

எல்லா வண்டியிலும் பாசிட்டிவ் பக்கம்தான் சுவிட்ச் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பொது முனையில் பாசிட்டிவ் வந்து, டிம்மும் பிரைட்டும் எர்த் பக்கம் மாறுகிற வண்டிகள் நிறைய உண்டு. பல்பு சாக்கெட்டைக் கழற்றி மீட்டரில் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

நான் மிகவும் ரசித்துச் செய்த பகுதி ஃபிளாஷ். லீவரை என் பக்கம் இழுத்தால், ஹெட்லைட் அணைந்திருந்தாலும் பிரைட் மின்ன வேண்டும். அதற்கு ஃபீட் ரிலேவும் மாற்று ரிலேவும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஃபிளாஷ் ஒயரை இரண்டுக்கும் நேரடியாகக் கொடுத்தால், டேஷ்போர்டில் ஹெட்லைட் போட்டதுமே கரண்ட் அந்த ஒயர் வழியே திரும்பி வந்து மாற்று ரிலேவையும் இழுத்துவிடும். பிரைட்டைத் தவிர வேறு எதுவும் எரியாது. கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு போட்டேன், ஃபீட் ரிலே ஜோடிக்கு ஒன்று, மாற்று ரிலே ஜோடிக்கு ஒன்று. டயோடின் வெள்ளைக் கோடு ரிலே பக்கம். இரண்டு காயில் சேர்ந்தாலும் அரை ஆம்பியருக்குள்தான், டயோடு தாங்கும். காயிலுக்குக் குறுக்கே உள்ளேயே டயோடு வைத்த ரிலே என்றால் காயில் முனைகளில் 86 பாசிட்டிவ், 85 எர்த் என்பதை மாற்றிக் கொடுக்கக் கூடாது. ஷார்ட்தான்.

பலன்? இன்ஜின் ஓடும்போது பல்பு முனையில் முன்பு 11.6 வோல்ட். இப்போது 13.2. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4 அடுக்குக்கு மாறும். கணக்குப் போட்டால் ஒன்றரை மடங்கு வெளிச்சம். சுவிட்சை இடம் மாற்றப் போனவனுக்கு புது விளக்கே கிடைத்துவிட்டது.

ஒயர் வாங்குவோர் கவனிக்க: சுத்தச் செம்பு என்று சொல்லி எனக்கு அனுப்பிய 2.5 சதுர மில்லி ஒயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. எடையிலேயே தெரிகிறது, கையில் காற்றாக இருந்தது. இப்படி விற்பது அநியாயம், திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்கியதும் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். கழித்த வண்டிகளின் ரிலே பெட்டியும் சாக்கெட்டும் கிடைத்தால் விடவே வேண்டாம். கனமான பித்தளை, கிளிப் இறுக்கம் குறையாது.

அடுத்து ஹெட்லைட்டை இழுத்துப் போடும் குமிழ். அதுவும் டேஷ்போர்டில் எட்டாத மூலையில்தான் இருக்கிறது. அதை இதே லீவரின் முனைத் திருகுக்குக் கொண்டுவரலாம், உள்ளே கான்டாக்ட் இருக்கிறது, இனி வெறும் காயில் கரண்ட்தானே. கூடவே ஒரு பஸ்ஸர்: பாசிட்டிவ் முனை பார்க் லைட் ஒயரில், நெகட்டிவ் முனை இக்னிஷன் ஒயரில், திசை மாறினால் கத்தாத வகை. சாவியை அணைத்த பிறகும் லைட் எரிந்தால் மட்டும் கத்தும். அதற்கு முன்னால் காலம் கவரில் லீவருக்குப் புதுப் பொந்து வெட்ட வேண்டும். சாய்வு மாறிவிட்டதால் பழைய பொந்து உதவாது. அட்டையில் அச்சு வெட்டி வைத்திருக்கிறேன், பிளேடு வாங்கியதும் வெட்டிவிடுவேன்.