ஏழு எண்ணிக்கை

மார்ச் 4
பாப்பா எடை 1,280 கிராம். நேற்றைவிட 15 குறைவு. முதல் வாரம் இறங்கத்தான் செய்யும் என்கிறார் சிஸ்டர். சரி.

மார்ச் 5
தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து இங்கிலாந்து ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் முதல் தனி ஆல்பம். 1977. தலைப்பே கிடையாது, அவர் பெயர் மட்டும்தான். அட்டையில் கார் இருப்பதால் எல்லோருக்கும் அது 'கார்'.

'சால்ஸ்பரி ஹில்' மட்டும் நாலு தடவை. பாத் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குன்று அது. தன் பழைய இசைக்குழு ஜெனிசிஸை விட்டு வந்ததைப் பற்றிய பாட்டு. நம் கணக்கில் மிஸ்ரம், ஏழு. ஆனால் அடியில் டிரம் ஒரே சீராக நடப்பதால் கேட்கிறவருக்கு ஏழு என்றே தோன்றாது. எட்டாவது அடி விழும் என்று கால் காத்திருக்கும்போது அடுத்த சுற்று ஆரம்பித்துவிடும். நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி வந்து முறைத்தார்.

மார்ச் 6
எங்கள் இசைக்குழு அண்ணன் போன். "22-ம் தேதி வந்துடுவல்ல? டிரம் பேடுக்கு வேற ஆள் இல்லடா." சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 8
1,265.

1974 கோடையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜெனிசிஸ் வேல்ஸில் ஒரு பழைய மாளிகையில் ரெக்கார்டிங். கேப்ரியலின் மூத்த மகள் அப்போதுதான் பிறந்து இன்குபேட்டரில், லண்டனில். பிழைக்குமா என்றே தெரியாத நாட்கள். மனுஷன் இரண்டுக்கும் நடுவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வரிகளை நானே எழுதுவேன் என்று வேறு பிடிவாதம் பிடித்திருந்தார், அது தள்ளிக்கொண்டே போனது. மற்றவர்களுக்கு எரிச்சல். அன்றைக்கு நாங்கள் துணையாக இல்லை என்று வெகு காலம் கழித்து அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எல்லோருக்கும் இருபத்துச் சொச்சம் வயது. குழந்தை என்றால் என்னவென்று தெரியாது.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. நவம்பரில், கிளீவ்லாண்டில், போகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் 1975 மே வரை மேடையேறினார், அந்தக் கொப்புளக் கொப்புளமான ரப்பர் வேஷத்தை மாட்டிக்கொண்டு. மைக் வாய்க்குப் பக்கத்தில்கூட வராதாம். முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நான்? போனையே எடுப்பதில்லை.

மார்ச் 9
மனைவி பேசவில்லை. நானும்.

மார்ச் 11
அட்டைப் படம். ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் குழு செய்தது. கார், முன் கண்ணாடிக்குப் பின்னால் அவர், காரெங்கும் தண்ணீர்த் துளிகள். துளி ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிய போட்டோவைக் கத்தி முனையால் சுரண்டியிருக்கிறார்கள். முகம் சரியாகவே தெரியாது. தூங்குகிறாரா, அழுதாரா?

இன்றும் பாப்பாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்த்தேன். உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. கையுறை போட்ட விரலால் சிஸ்டர் துடைத்தார்.

மார்ச் 12
பாதி ஆல்பம் எனக்குப் பிடிக்காது, இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தயாரிப்பு பாப் எஸ்ரின், ஆலிஸ் கூப்பர் ஆல்பங்கள் செய்தவர். ரெக்கார்டிங் டொரன்டோவில். கடைசிப் பாட்டு 'ஹியர் கம்ஸ் தி ஃப்ளட்', அதற்கு எதற்கு அத்தனை கிடார், அத்தனை ஆர்கெஸ்ட்ரா? 1979-இல் கிடார்காரர் ராபர்ட் ஃபிரிப்பின் ஆல்பத்தில் அதையே கொஞ்சம் வாத்தியத்தோடு பாடியிருக்கிறார், அங்கேதான் குரல் கேட்கிறது. தனியாக வந்தவர்கள் முதலில் நிறைய ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்கள் போல. பயம்தானே.

ஆனால் டோனி லெவின் அங்கேதான் கிடைத்தார். இன்னும் அவர்தான் பேஸ் கிடார்.

மார்ச் 14
1,310! பிறந்த எடைக்கு இன்னும் 30.

மார்ச் 15
கங்காரு முறை. சட்டையைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள். தலை என் உள்ளங்கையைவிடச் சின்னது. மானிட்டரில் 152, 148, 155. சீராகத்தான் இருக்கிறது, நான்தான் ஏழு ஏழாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம். முதுகு விட்டுப்போயிற்று, அசையவில்லை.

மார்ச் 16
ஜெனிசிஸ் எத்தனையோ பாடகர்களைக் கூப்பிட்டுப் பாட வைத்துப் பார்த்தது. கடைசியில் டிரம்மில் உட்கார்ந்திருந்த ஃபில் காலின்ஸே பாடினார். 1976-இல் ஆல்பம் வந்தது, நன்றாகவே போனது. கேப்ரியல் அப்போது வீட்டில், காய்கறித் தோட்டமும் குழந்தையுமாக.

அண்ணனும் ஆள் பிடித்துவிட்டாராம். கீபோர்டுக்காரன் சொன்னான். பையன் நல்லா வாசிக்கிறானாம்.

நல்லதுதானே. சோறு இறங்கவில்லை.

மார்ச் 17
ட்யூபை எடுத்துவிட்டார்கள். பாலாடையில் 5 எம்எல், கால் மணி நேரம் ஆனது. கடைசிச் சொட்டு கன்னத்தில் வழிந்தது, இவள் அதையும் விரலால் எடுத்து உதட்டில் வைத்தாள். அண்ணனுக்கு மூன்று வரி டைப் செய்து வைத்திருக்கிறேன். ரெண்டு மணிப் பாலுக்குக் கூப்பிடுகிறார்கள்