பொத்தானை அழுத்திய பிறகு

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சத்தமில்லாத அபாய அறிவிப்புப் பொத்தானைக் கட்டாயமாக்கும் 'அலிசா சட்டம்' 2019இல் நியூ ஜெர்சியில் முதலில் நிறைவேறி, பின்னர் புளோரிடா, டெக்சாஸ் எனப் பல மாநிலங்களுக்குப் பரவியது. 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 பேரில் ஒருவரான 14 வயது மாணவியின் பெயரை இச்சட்டம் தாங்கியிருக்கிறது.

அன்று ஏறத்தாழ ஆறே நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. மாணவர்கள் கைபேசியில் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தபோது, அழைப்புகள் பக்கத்து நகரமான கோரல் ஸ்பிரிங்ஸின் மையத்துக்குப் போய், அங்கிருந்து பார்க்லேண்டின் காவல் பொறுப்பிலிருந்த ஷெரிஃப் அலுவலகத்துக்கு மாற்றப்பட வேண்டியிருந்தது. போதாததற்குத் தீ எச்சரிக்கை மணியும் ஒலித்ததால், மூன்றாவது மாடியில் பலர் வகுப்பறைகளிலிருந்து நடைபாதைக்கு வந்துவிட்டனர். காவல்துறைக்கு நேரே செல்லும், மணியடிக்காத பொத்தான் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் பொத்தான் இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு 2022 மே மாதத்தில் டெக்சாஸின் யுவால்டியில் நடந்த பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் கிடைத்த பதில் கசப்பானது. அங்குள்ள ராப் தொடக்கப் பள்ளியில் கைபேசி வழி அபாய அறிவிப்புச் செயலி இருந்தது; தலைமையாசிரியர் அதை இயக்கவும் செய்தார். எனினும் வைஃபை சரியாக எட்டாததாலும், கைபேசி கையில் இல்லாததாலும், சில ஆசிரியர்களை அது உடனே சென்றடையவில்லை என்று மாநிலப் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழு பதிவுசெய்தது. அதைவிட முக்கியமாக, அந்த எல்லைப்புற வட்டாரத்தில் போலீஸ் துரத்தல்களுக்கெல்லாம் அடிக்கடி எச்சரிக்கை வந்து வந்து, அதன் மீதிருந்த பதற்றமே மங்கிப்போயிருந்தது. பிறகு வந்த காவலர்கள் வகுப்பறைக்குள் நுழைய ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டதைத்தான் எந்தத் தொழில்நுட்பத்தாலும் சரிசெய்ய முடியாது.

இதற்கு மாறாக, 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அபலாச்சி பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, சுமார் ஒரு வாரத்துக்கு முன்புதான் ஆசிரியர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலுள்ள பொத்தான் வேலை செய்தது. அன்றும் நான்கு உயிர்கள் போயின; ஆனாலும் காவலர்கள் விரைந்து வந்ததற்கு அந்த அட்டை உதவியதாக ஷெரிஃப் அலுவலகமே சொன்னது. செயலியைவிட அட்டையே மேல் என்பது என் எண்ணம். கைபேசியைத் தேடி, திறந்து, செயலியைத் தொடும் நிதானம் அந்த நேரத்தில் யாருக்கு இருக்கும்?

ஆகவே, இச்சட்டத்தை எடுத்துக்கொள்ளும் மாநிலங்கள் கருவி வாங்கப் பணம் ஒதுக்குவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு வகுப்பறையிலிருந்தும் அறிவிப்பு போய்ச் சேருகிறதா என்று பருவந்தோறும் சோதிப்பதையும், தற்காலிக ஆசிரியருக்கும் அந்த அட்டை கிடைப்பதையும், சில்லறை நிகழ்வுகளுக்கு வேறு வகை எச்சரிக்கை இருப்பதையும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.