ஆடி மாதமும் சீனி வருத்தமும்

2025 ஜூலை 13
எங்கள் முதியோர் இல்லத்தில், ராத்திரி இடியப்பத்தில் பாதியைத் தள்ளிவிட்டுப் படுத்த சீனி வருத்தக்கார (நீரிழிவு) அப்பு, விடியப்புறம் எழும்பிச் செத்துப்போன தம்பியோடு கதைக்கத் தொடங்கினார். "அறளை பெயர்ந்திட்டுது, விடு பிள்ளை" என்றார் பக்கத்துக் கட்டில் ஐயா. விரலில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்த்தேன்: 52, மிகக் குறைவு. நடுக்கமில்லை, வியர்வையில்லை. வயது போனவர்களுக்குச் சீனி இறங்கினால் பலநேரம் இப்படித்தான். குழம்பிக் கதைப்பார்கள், தள்ளாடுவார்கள், விழுந்து இடுப்பை முறிப்பார்கள். முழு நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்ததால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினேன். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரைக்கேறிவிடும். கால் மணி நேரத்தில் 88. "என்ன பிள்ளை, இன்னும் படுக்கேல்லையோ?" என்று கேட்டார். பிறகு பாணும் பாலும் கொடுத்தேன். அவர் போடும், சீனியைக் குறைக்கும் கிளிபென்கிளமைட் குளிசை நெடுநேரம் வேலை செய்வது; சிறுநீரகம் தளர்ந்தவரில் இன்னும் கூடுதலான நேரம். ஏறின சீனி மறுபடி இறங்கலாம் என்பதால் விடியும்வரை திரும்பத் திரும்பக் குத்தவேண்டியிருந்தது. பாவம், விரலெல்லாம் நொந்திருக்கும்.

ஜூலை 15
டாக்டர் அந்தக் குளிசையை நிற்பாட்டிவிட்டார். பின்னேரம் கனடாவிலிருந்து மகன் போன் எடுத்தார். "மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டுற HbA1c 6.4 வீதம் எண்டுதானே வந்தது அக்கா, நல்லாத்தானே இருக்கு?" மகனுடைய வயதுக்காரருக்கு அது நல்ல எண். எண்பது தாண்டி, சாப்பாடு நிலையில்லாத அப்புவுக்கு அது அடிக்கடி சீனி இறங்குகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். சாப்பாட்டுக்கு முன் 100க்கும் 200க்கும் இடையில் நின்றால் போதும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மகன் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அவர் இனி விழமாட்டாரோ?" என்றார். உறுதி சொல்ல முடியவில்லை. பயம் குறையும் என்றேன்.

ஜூலை 17
ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும். சீனிக்காரருக்குக் கொடுக்காதே என்று ஒரு பக்கம், பனங்கட்டி ஒன்றும் செய்யாது என்று இன்னொரு பக்கம். பனங்கட்டியும் சீனியை ஏற்றும்தான். ஆனாலும் சின்னக் கிண்ணத்தில் எல்லோருக்கும் கொடுத்தோம், இரவு இடியப்பத்தில் ஒன்றைக் குறைத்தோம். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பி நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்த ஆச்சி, கூழில் கிடந்த தேங்காய்ச் சொட்டை ஒவ்வொன்றாகத் தேடித் தின்றார். இந்த வயதில் மெலிவதுதான் எனக்குப் பெரிய பயம். எல்லாவற்றையும் தடுத்தால் அவர்கள் சாப்பிடுவதையே விட்டுவிடுவார்கள்.

ஜூலை 24
ஆடி அமாவாசை. செத்துப்போன தகப்பனை நினைத்து விரதம் பிடிக்காமல் இருக்க அப்பு சம்மதிக்கமாட்டார். அவரை மறிக்க எனக்கும் மனமில்லை. வயிற்றைக் காயப்போட்டுவிட்டு குளிசையையும் ஊசியையும் மட்டும் வழக்கம்போல் போடுவதுதான் ஆபத்து. அதனால் விரதகாரருடைய மருந்தளவை முதலிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தோம். காலையில் பாலும் பழமும், மத்தியானம் காத்தோட்டிக்காய்க் கறியோடு சோறு. சீனி 70க்குக் கீழே போனால் விரதத்தை முறிப்பது என்று அப்புவிடம் முதலே வாக்கு வாங்கியாயிற்று. போகவில்லை.

ஜூலை 29
நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேற்றம். மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நின்றுவிட்டு வந்த ஓர் அம்மாவின் குதிக்காலில் கொப்புளம். அவருக்குத் தெரியவேயில்லை, சீனி வருத்தத்தால் கால் அவ்வளவு உணர்வில்லாமல் விறைத்திருக்கிறது. கழுவி, விரலிடுக்கை ஈரம் ஒற்றி, மருந்து கட்டினேன். நாளைக்கு கிளினிக்குக்குக் கூட்டிப்போகவேண்டும். தேர் வரைக்கும் இன்னும் எத்தனையோ திருவிழா இருக்கிறது, இனி எல்லோரையும் வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டிப்போவது என்று பேசியிருக்கிறோம்.