ஆறாம் வகுப்பில் ஐந்து மாதம்

ஊரில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்து, இரண்டு வருடம் மெட்ரிக் பள்ளியில் பாடமும் எடுத்துவிட்டுத்தான் ஜெர்மனி வந்தேன். இங்கே பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் அது போதாது, ஒரு பாடம் தெரிந்தால் பற்றாது, இரண்டு வேண்டும் என்றார்கள். அதனால் முப்பது வயதில் டோர்ட்முண்ட் நகரில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், ஆங்கிலமும் கணிதமும். மூன்று வருடம் இளங்கலை, இரண்டு வருடம் முதுகலை, அதற்கும் மேல் ரெஃபரெண்டாரியாட் என்று 18 மாதப் பயிற்சிப் பணி. முதுகலைக்கு நடுவில் ப்ராக்ஸிஸ்ஸெமெஸ்டர் என்று ஐந்து மாதம் ஒரு பள்ளியிலேயே கிடக்க வேண்டும். நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் இது பிப்ரவரி 15 அல்லது செப்டம்பர் 15-இல் தொடங்கும். எனக்குப் பிப்ரவரி. பள்ளியில் செய்கிற வேலைக்கு மதிப்பெண் கிடையாது, கடைசியில் உட்கார்ந்து பேசுவார்கள், அவ்வளவுதான். ஆனால் மொழி சொல்லிக்கொடுப்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஐந்து மாதத்தில்தான்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பத்தைந்து வயது ஆசிரியை. முதல் நாளே, "என்னை 'டு' என்றே கூப்பிடு" என்றார். அதாவது நீ, வா, போ. அப்பா வயதுக்காரரை எப்படி அப்படிக் கூப்பிடுவது? ஒரு மாதம் வரைக்கும் அவரிடம் பேசும்போது பெயரோ 'நீ'யோ வராத மாதிரி வாக்கியத்தை வளைத்து வளைத்துப் பேசினேன்.

முதல் இரண்டு வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான். அப்புறம் என் முதல் பாடம். முந்தின இரவு முழுக்க பாட வரைவு எழுதினேன். எத்தனை நிமிடம், என்ன வேலை, தனியாகவா ஜோடியாகவா குழுவாகவா, பலகையா தாளா என்று கட்டம் கட்டி எழுத வேண்டும். பிறந்தநாளுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்பதுதான் பேச்சு. ஒரு பையன் கையைத் தூக்கி, "ஐ பிகம் எ பைக்" என்றான். கிடைப்பதற்கு ஜெர்மனில் 'பெகொம்மென்', அதனால் இங்குள்ள பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி இது. நான் உடனே நிறுத்தி, பிகம் என்றால் அதுவாகவே ஆகிவிடுவது, நீ சைக்கிளாக மாறிவிடுவாயா என்று கேட்டு, பலகையில் இரண்டு சொல்லையும் எழுதி விளக்கினேன். நல்ல விளக்கம்தான். வகுப்பு சிரித்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மணி அடித்ததும் வழிகாட்டி ஒரு தாளைக் கொடுத்தார். குறை நிறை எதுவும் எழுதவில்லை. என் பேச்சு எவ்வளவு நேரம், பிள்ளைகள் பேச்சு எவ்வளவு நேரம் என்று கோடு கோடாகப் போட்டு எண்ணியிருந்தார். 45 நிமிடத்தில் 31 நிமிடம் நான். மிச்சம் 14 நிமிடம் 27 பிள்ளைகளுக்கு. "யார் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டும், நீயா அவர்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் முப்பது வருடம் பள்ளியில் வேலை பார்த்தவர். "வாத்தியார் பேசாம எப்படிம்மா பாடம் நடத்துறது?" என்றார். எனக்கும் அன்றைக்கு அதே கேள்விதான்.

பதில் ரொட்டிக் கடையில் கிடைத்தது. வந்த முதல் வருடத்திலிருந்து எங்கள் தெரு முனைக் கடையில்தான் வாங்குகிறேன். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் டேர், டீ, டாஸ் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், நான் ரொட்டிக்கு எப்போதும் தப்பானதைத்தான் சொல்வேன். கடைக்கார அம்மா ஒரு நாள்கூடத் திருத்தியதில்லை. "ஓ, டாஸ் ப்ரோட், வெட்டித் தரட்டுமா?" என்பார், அவ்வளவுதான். பாடம் சொதப்பிய மறுநாள் காலை வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது, இந்த அம்மா இத்தனை வருடமாக எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார், நான் வெட்கப்படாமல் பேசிக்கொண்டே இருந்ததற்கும் அவர்தான் காரணம்.

அடுத்த வாரம் அதே பையன் மறுபடி பிகம் என்றான். "ஓ, யூ ஆர் கெட்டிங் எ பைக்? வாட் கலர்?" என்று மட்டும் கேட்டேன். "ரெட்," என்றான், ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஐ ஆம் கெட்டிங் எ ரெட் பைக்." தப்பு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இலக்கணப் பயிற்சி செய்கிற நேரத்தில் கறாராகத் திருத்தத்தான் வேண்டும். குழந்தை தன் விஷயத்தைச் சொல்ல வாய் திறந்திருக்கிற நேரத்தில் கூடாது.

தாய்மொழி வகுப்பில் வரலாமா என்பது இங்கே பழைய சண்டை. வரிக்கு வரி மொழிபெயர்த்து இலக்கணம் மனப்பாடம் செய்யும் முறையை எதிர்த்து, மொழிப் பாடம் திசை திரும்ப வேண்டும் என்று ஜெர்மன் மொழியியலாளர் வில்ஹெல்ம் ஃபியேட்டர் 1882-இலேயே புனைபெயரில் சிறு நூல் போட்டார். நான் ஊரில் படித்ததும் அந்த மொழிபெயர்ப்பு முறையில்தான், அவர் எதிர்த்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. அப்புறம் 1970-களில் ஆகன் நகரைச் சேர்ந்த ஆங்கிலக் கற்பித்தல் பேராசிரியர் வொல்ஃப்காங் புட்ஸ்காம், தாய்மொழியை அடியோடு துரத்துவதும் தப்பு என்றார். புது வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல், சட்டென்று தாய்மொழியில் ஒரு தடவை, திரும்ப ஆங்கிலத்தில் சொல் என்பது அவர் வழி. செய்து பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி துருக்கி, அரபு, போலிஷ். அவர்களுடைய தாய்மொழியை யார் சொல்வது?

அந்த வகுப்பில் ஒரு ஈழத்துப் பிள்ளையும் இருந்தாள். மூன்றாம் வாரம் நடைபாதையில் வந்து, "மிஸ், நீங்கள் தமிழோ?" என்று ஜெர்மனே கலக்காமல் கேட்டாள். அம்மா சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புகிறாராம். அவளைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைகளின் சொல் நோட்டில் ஆங்கிலத்துக்கு ஒரு பத்தி, ஜெர்மனுக்கு ஒரு பத்தி, மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலி. விரும்புகிறவர்கள் அதில் வீட்டு மொழியில் எழுதலாம், தெரியாவிட்டால் வீட்டில் கேட்டு வரலாம் என்றேன். வழிகாட்டி சம்மதித்தார். ஒரு பாட்டி போலிஷில் ஒரு பக்கம் முழுக்க எழுதி அனுப்பினார்.

கடைசி வாரம் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். அவள் நோட்டில் கெட், அதற்கு நேரே பெகொம்மென், மூன்றாவது பத்தியில் பென்சிலால் 'கிடைகும்'. சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது. மூடி வைத்துவிட்டு, பக்கத்தின் அடியில் நானும் பென்சிலாலேயே எழுதினேன்: "உனக்குப் பிறந்தநாளுக்கு என்ன கிடைக்கும்?"

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. என் வரிக்குக் கீழே, "எனக்கு பூனை கிடைக்கும்."