செட்டிநாட்டு வீடும் கைப்பிடிச் சுவர்ப் பொம்மைகளும்: நாங்கள் பழுதுபார்த்த விதம்

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை எடுத்துக் கட்ட நினைப்பவர்கள், கொத்தனாரைத் தேடும் முன் பங்காளிகளைத் தேட வேண்டும். என் கணவரின் ஐயா, அதாவது தாத்தா, கட்டிய வீட்டுக்குச் சிங்கப்பூர், சென்னை, கோவை என்று பங்குக்காரர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். இடித்துத் தேக்கை விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் இருந்தது. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு எல்லோரும் கூடிய அன்று என் கணவரின் பெரியப்பாதான் முடித்துவைத்தார்: செலவு பங்குப்படி, தூண், கதவு, பொம்மை எதையும் யாரும் தனியாக விற்கக் கூடாது. எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததே, அதில் பணம் வருமா என்று ஒருவர் கேட்டார். வராது. வீட்டைக் காப்பது நம் கைக்காசுதான்.

முதலில் கூரை. நாட்டு ஓடுகளை இறக்கி, உளுத்த சட்டங்களை மாற்றி, முற்றத்துத் தூம்புகளில் அடைப்பெடுத்தோம். ஒழுகல் நிற்காமல் சுவரைத் தொடுவது வீண்.

எனக்கு உயிர் போனது முகப்பின் மேலிருந்த, சுண்ணாம்புச் சாந்தில் செய்த சுதைப் பொம்மைகளுக்காக. நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், வாசல் தூண்களில் சிங்கங்கள். முந்தைய தலைமுறையில் யாரோ விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, மேலே எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டும் எனாமலும் அதை உள்ளேயே பூட்டிவிடும். உப்புப் பூத்து, மேல்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

கோயில் திருப்பணிகளில் சுதை வேலை செய்யும் ஒருவர் கிடைத்தார். மெஷின் வைத்து வெட்டலாமா என்றதற்கு, "வேணாம் ஆச்சி, சிமெண்டோட பொம்மையும் வந்துரும்" என்றார். சிற்றுளியால் மட்டுமே எடுத்தார். ஒரு சிப்பாயின் மணிக்கட்டு பிளந்திருந்தது. உள்ளே இருந்த இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து, கையையே வெடிக்க வைத்திருந்தது. அதை நீக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கொடுத்து, செம்புக் கம்பியால் கட்டி, அதன்மேல் சுதையை மெல்லிய பூச்சுகளாக ஏற்றினார். நீற்றிப் பல நாள் ஊறிய சுண்ணாம்பும் சலித்த மணலும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர்விட்டு அரைபட்டன. விரலில் தேய்த்தால் வெண்ணெயாக வழுக்க வேண்டும். நறநறத்தால் மறுபடி அரைவைதான். பூசிய இடம் வெயிலில் வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கு போர்த்தினோம். எனாமலைச் சுரண்டியபோது அடியில் பழைய காவியும் நீலமும் தெரிந்தன. அவற்றை அப்படியே விட்டோம். மீதிக்குச் சுண்ணாம்பில் குழைத்த காவி மட்டும்.

வேலை நடக்கும்போதே சிங்கங்களுக்கு விலை கேட்டு ஆள் வந்தது. உடனே ஒவ்வொரு பொம்மையையும் அளவுகோல் வைத்து, முன், பின், பக்கவாட்டில் படமெடுத்து, எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பினோம். உடைந்த துண்டுகளையும் எண் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. ஆனால் திருடு போனதை நம்முடையது என்று நிரூபிக்கப் படம் வேண்டும்.

இப்போது ஐப்பசி மழைக்கு முன் ஆள் ஏற்றி, பொம்மைகளின் இடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றுகளைத் தளிரிலேயே எடுத்துவிடுகிறோம். வேரோடிவிட்டால் பிடுங்குவதில்லை, பிடுங்கினால் சுதை பெயரும். வெட்டிவிட்டு, காய்ந்த பிறகே அந்த இடத்தைப் பூசுகிறோம்.