பெட்டி ஓடுகிறது

ஜூலை 8

முறிந்து கூடாத கால் எலும்பைக் கூட வைக்கிற பெட்டி வந்துவிட்டது. சோப்பு டப்பா அளவில் பேட்டரி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் ரெக்சின் உறை போட்ட வளையம். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, முறிவு இருக்கும் இடத்துக்கு நேராகக் கட்டிக்கொள்ள வேண்டும். தினம் 8 மணி நேரம், 3 மாதம். பட்டனை அமுக்கினேன், பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். சூடு இல்லை, அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. 22 வருஷமாக மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். கரண்டு ஓடுகிற காயில் லேசாக முனகும். இது செத்த பாம்பு மாதிரி காலைச் சுற்றிக் கிடக்கிறது.

இன்று ஐந்து சிகரெட்.

ஜூலை 9

நாலு.

ஜூலை 11

எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெர்னியர் அளவுகோல் வைத்து முறிவின் இடைவெளியை அளந்தேன். 3.2 மில்லி. நடுவில் ராடு வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் எலும்பு முனைகள் மழுங்கின பென்சில் மாதிரி உருண்டுபோய், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. பதினோரு மாதம் ஆகிறது. பேசாமல் இருக்கும் பங்காளிகள் மாதிரி.

ஜூலை 14

காலையில் அடுப்படியில் வீட்டுக்காரி கேஸ் லைட்டரை 'டிக் டிக்' என்று அழுத்திக்கொண்டிருந்தாள், பற்றவில்லை. பாப்பா உள்ளே இருந்து, "அப்பா, உங்க எலும்பும் அந்த லைட்டரும் ஒண்ணுதானாமா" என்றாள். செல்போனில் படித்திருக்கிறாள். 1957இல் ஜப்பானில் புகாடா, யசூடா என்று இரண்டு பேர், காய்ந்த எலும்பை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். லைட்டரில் கல்லை அழுத்தினால் பொறி வருவதும் இதே விஷயம்தான். நடக்கும்போது எலும்பு அழுந்துகிறது, அழுந்தும்போது மின்சாரம், எங்கே எலும்பு போட வேண்டும் என்று உடம்புக்கு அது தகவல் சொல்கிறது என்று ஒரு கணக்கு. ஈரமான எலும்பில் கதை வேறு, உள்ளே இருக்கிற நீர் நகர்வதால்தான் பெரும்பாலும் மின்சாரம் வருகிறதாம். சரி, எதுவாகவோ இருக்கட்டும்.

நடக்க முடியாதவனுக்கு? அதற்குத்தான் வெளியே ஒரு காயில். பாசெட் என்ற அமெரிக்க எலும்பு டாக்டர் 1974இல் நாய்களுக்குக் கட்டிப் பார்த்தாராம். 1979இல் அந்த நாட்டு அரசு, கூடாத எலும்புக்கு இதை வைக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டது. காயிலில் கரண்டு மாறினால் பக்கத்தில் இருக்கிற எதிலும் கொஞ்சம் மின்சாரம் தூண்டப்படும். டிரான்ஸ்பார்மர் வேலைதான். செகண்டரி, அதாவது கரண்டு வாங்குகிற பக்கம், மட்டும் என் கால்.

இதை எனக்குப் பாப்பா விளக்குகிறாள். எனக்கு!

ஜூலை 16

தூக்கம் வரவில்லை. கடைப் பையனிடம் சொல்லி அனுப்பி 36 கேஜ் கம்பி கொண்டுவரச் சொன்னேன். எலாஸ்டோபிளாஸ்ட் சுற்றிவரும் பிளாஸ்டிக் உருளை மேல் 500 சுற்று. கை இன்னும் மறக்கவில்லை. இரண்டு முனையிலும் ஒரு சிவப்பு எல்இடி. லைட்டை அணைத்துவிட்டு வளையத்துக்குள் நீட்டினேன்.

மினுக்கியது. விடாமல், படபடவென்று, மின்மினி நடுங்குகிற மாதிரி. அட்டையில் 15 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது, நொடிக்குப் பதினைந்து தடவை. கண்ணுக்கு எண்ண முடியாது, ஆனால் நடுக்கம் தெரிகிறது.

பெட்டி ஓடுகிறது. வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன். "ஏனுங், மணி ரெண்டுங்" என்றாள்.

ஜூலை 17

மூணு. சந்தோஷத்தில் ஒன்று கூடிப்போனது.

ஜூலை 23

பாப்பா இன்னொன்று எடுத்துக் கொடுத்தாள். தராமல் இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் ஷெபீல்டு. 1984. ஒரு வருஷம் ஆகியும் கூடாத கால் எலும்பு உள்ள 16 பேர். 9 பேருக்கு நிஜப் பெட்டி, 7 பேருக்கு டம்மி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 24 வாரம் கழித்துப் பார்த்தால் நிஜத்தில் 5 பேருக்குக் கூடியிருக்கிறது. டம்மியிலும் 5 பேருக்கு.

ஏழில் ஐந்து! வெறும் டப்பாவுக்கு.

எல்லோருக்கும் மாவுக்கட்டு போட்டு, காலை ஊன்றாமல் உட்கார வைத்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்ததே பாதி மருந்தாக இருந்திருக்கலாம். அந்த ஆய்வைச் செய்த பார்க்கர் என்பவர்தான் மறுவருஷமே மண்டைக்கு வெளியே காயில் வைத்து மூளையைத் தூண்டும் கருவியைச் செய்தவர். காயில் தெரிந்த ஆள். என் எல்இடி அங்கே யாராவது ஒரு நோயாளியின் கையில் கிடைத்திருந்தால் மொத்த ஆய்வும் அன்றைக்கே காலி.

ஜூலை 24

அப்புறம் 1990இல் இன்னொன்று, இதுவும் கால் எலும்புதான். 45 பேர், 12 வாரம். நிஜப் பெட்டி 20 பேரில் 9 பேருக்குக் கூடியது, டம்மி 25 பேரில் 3 பேருக்கு. இதை முதலில் காட்டியிருக்கலாமல்லவா இந்தப் பிள்ளை.

3.2.

ஆகஸ்ட் 2

காற்று தகரத்தைப் பிய்க்கிறது. பகலெல்லாம் கரண்டு இல்லை. பெட்டி மட்டும் ஓடுகிறது.

அம்மா பிரண்டை கொண்டுவந்தாங்க. கணு நீக்கி, நார் உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கியும் அரிப்பு தாங்காமல் புளித்தண்ணியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. "எலும்ப ஒட்டும்னு சும்மாவா சொன்னாங்க?" துவையல் நன்றாகத்தான் இருந்தது. புத்தூர்க் கட்டுக்குப் போயிருந்தால் இதற்குள் நடந்திருப்பாய் என்று ஆரம்பித்தாங்க. உள்ளே ராடு இருக்கிறதம்மா என்றேன். "அதத்தான் சொல்றேன்."

ரெண்டு. கக்கூசில்.

ஆகஸ்ட் 9

இல்லை.

ஆகஸ்ட் 10

இல்லை.

ஆகஸ்ட் 11

ஒன்று.

ஆகஸ்ட் 19

டாக்டர் முதலில் பெட்டியைத்தான் வாங்கிப் பார்த்தார். அதில் மணிக்கணக்கு ஏறுகிறதாம். 331. "பரவால்லீங்க, ஒழுங்கா கட்டிருக்கீங்க." நான் தலையாட்டினேன்.

வெர்னியர் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அந்தப் பிலிம் சுருக்கி அடித்ததாம், அதில் எத்தனை மில்லி வந்தாலும் நிஜ மில்லி இல்லையாம். எலும்பைச் சுற்றி நாலு சுவர் என்று வைத்துக்கொண்டால் மூன்று சுவராவது பாலம் போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் கூடியது என்று சொல்வாராம். எனக்கு ஒன்றிலும் இல்லை.

அக்டோபர் வரை பார்ப்போம், இல்லாவிட்டால் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து அங்கே வைத்துவிடலாம் என்றார். சீட்டின் பின்பக்கம் படம் போட்டு நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எனக்குப் புரிந்தது இப்படி: ஒரு சிலாப் போட சென்ட்ரிங் வேண்டும், கொத்தனார் வேண்டும், மேஸ்திரி வேண்டும். சொந்த எலும்பில் மூன்றும் சேர்ந்தே வருகிறது. உயிருள்ள செல் கொத்தனார். வேலை வாங்குகிற புரதம் மேஸ்திரி, 1965இல் யூரிஸ்ட் என்பவர் எலும்புக்குள்ளேயே அது இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் தெரிந்தது. எலும்பின் சல்லடை சென்ட்ரிங். கம்பெனி டப்பாவில் வருகிற செயற்கைத் துகள், டிரைகால்சியம் பாஸ்பேட், வெறும் சென்ட்ரிங், மாதக்கணக்கில் கரைந்துகொண்டே அந்த இடத்தை எலும்புக்கு விட்டுக்கொடுக்கும். ஹைட்ராக்சிஅபடைட் என்ற இன்னொரு துகள் என்றால் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். கொத்தனாரே இல்லாத இடத்தில் சென்ட்ரிங் மட்டும் அடித்து என்ன செய்ய?

எடுத்த எலும்பு போதாவிட்டால் டப்பாவில் வருகிறதையும் கலப்பாராம். கால் வலியைவிட இடுப்பு வலிதான் சில பேருக்கு நாள்பட நிற்கும் என்பதையும் சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்.

கடைசியில், கதவருகே போனதும், "சிகரெட்?" என்றார். "விட்டாச்சுங்க."

ஆகஸ்ட் 20

அம்மாவுக்கு ஒரே கேள்வி. யார் எலும்பு? என்னுடையதுதான் என்றாலும் நம்பவில்லை. மாட்டெலும்பில் செய்த துகளும் இருக்கிறது என்று பாப்பா வாயை விட்டுவிட்டாள். மத்தியானம் சோறு இறங்கவில்லை அம்மாவுக்கு. அதோடு விட்டாளா, ரஷ்யச் சிப்பாய் ஒருவன் மண்டையில் நாய் எலும்பை வைத்து அடைத்ததாக ஒரு டச்சு டாக்டர் எழுதி 1668இல் வெளிவந்த கதையையும் சொன்னாள். தேவாலயம் அவனை விலக்கிவிட, அவன் திரும்ப வந்து எடுத்துவிடச் சொன்னானாம். எடுக்க வரவில்லையாம், அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்ததாம்.

"நாய்க்கே ஒட்டுது" என்றாங்க அம்மா, என் காலைப் பார்த்து.

ஆகஸ்ட் 28

எழுதிவிடுகிறேன்.

331 மணியும் கால் மேல் ஓடியது இல்லை. கடைக்குப் போகும் நாளில் அந்த ஒயரோடு ஊன்றுகோலில் நடக்க முடியவில்லை, ஆட்கள் வேறு என்ன என்ன என்று கேட்கிறார்கள். கழற்றி, ஆன் பண்ணியபடியே கட்டில் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். கணக்கு ஏறட்டும் என்றுதான். ஒரு 60 மணி இருக்கும், 70கூட இருக்கும். கட்டிலுக்கு எலும்பு கூடியிருக்கும்.

பெட்டி நிஜமா டம்மியா என்று ராத்திரி ரெண்டு மணிக்கு எல்இடி வைத்துப் பார்த்தவன் நான்.

மூணு.

ஆகஸ்ட் 29

இல்லை.

செப்டம்பர் 12

15 நாள். இல்லை, இல்லை, இல்லை.

கடையில் 5 எச்பி போர் மோட்டார் ஒன்று எரிந்து வந்தது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நானே பிரித்தேன். காலில் வளையம். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பழைய கம்பியை உருவி, ஸ்லாட்டைச் சுரண்டி, லெதராய்டு பேப்பர் வெட்டி இறக்கினேன். கருகின வார்னிஷ் வாசனைக்கு ஒரு சிகரெட் கேட்கிறது வாய். பையன் டீ வாங்கிவந்தான். ரெண்டு டீ.

செப்டம்பர் 13

3.1. சுருக்கி அடித்த பிலிம்தான், தெரியும். அதே பழைய பிலிம், அதுவும் தெரியும்.

செப்டம்பர் 30

கால் இன்று வலிக்கவில்லை. வலிக்காதது நல்லதா? அமுக்கிப் பார்த்தேன். வலித்தது.

அக்டோபர் 7

741 மணி. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், கட்டில் விஷயம், சிகரெட் விஷயம் எல்லாம். அவர் ஒன்றும் திட்டவில்லை. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்தம் வராத இடத்தில் எலும்பு எப்படி வரும் என்று மட்டும் கேட்டார்.

புது எக்ஸ்ரே. பின்சுவரில் புகை மாதிரி ஒரு கோடு. முன்னே இல்லாத கோடு. நான் விரல் வைத்துக் காட்டியதும் அவரும் ஆமாம் என்றார். மற்ற மூன்றிலும் ஒன்றுமில்லை. நாலில் ஒன்று. போதாது. ஆபரேஷனை 14ஆம் தேதி வையுங்கள் என்றேன், 11 ஆயுத பூஜை.

அந்தக் கோடு காயில் போட்டதா, சிகரெட் இல்லாத 39 நாள் போட்டதா என்று கேட்டேன். "ரெண்டையும் விடாதீங்க" என்றார்.

அக்டோபர் 11

கடையில் பூஜை. வைண்டிங் மிஷினுக்கு, டெஸ்டருக்கு, வெர்னியருக்குப் பொட்டு. வீட்டுக்காரி பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். ரெக்சினில் குங்குமம் போகவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 13

அட்மிஷன். பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டார்கள். இடுப்பில் வலது பக்கம் ஊதாப் பேனாவில் ஒரு அம்புக்குறி. பல்லி சுவரில் இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் ஜன்னல் பக்கம் போய் நின்று பற்றவைக்கிறார், புகை இந்தப் பக்கம்தான் வருகிறது.