டர்பன் துறைமுகமும் மலையேறிய தண்டவாளமும்

டர்பன் போகும் நம்மவர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டு, காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் துறைமுக வாயிலை ஒட்டிய பாயின்ட் பகுதியில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் போங்கள். கப்பல்கள் கிட்டத்தில் கடந்துபோகும். தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் 1860 ஜூன் 26 அன்று இங்கிருந்துதான் ஊர்ச் சந்தை வரை, சுமார் 3 கிலோமீட்டர் ஓடியது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு இதே துறைமுகத்துக்கு வந்தது. அங்கே நிற்கும்போது இந்த இரண்டு தேதிகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையில் வளைந்து ஏற வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்று தண்டவாளங்களுக்கு இடையே 1067 மில்லிமீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள குறுகலான பாதை போட்டார்கள். 1880இல் ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது. டர்பன் இருந்த நேட்டால் காலனியின் அரசு ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர்களில் நம் ஊர்களிலிருந்து போன கூலிகளும் உண்டு.

அப்புறம் ஜோகன்னஸ்பர்க்கில் தங்கம் கிடைத்தது. அந்த ஊருக்கான சரக்கு யார் துறைமுகம் வழியாகப் போவது என்று கேப் டவுனைத் தலைநகராகக் கொண்ட கேப் காலனியும் நேட்டாலும் ரயில் கட்டணத்தில் மோதிக்கொண்டன. இவை இரண்டும் உட்பட நான்கு பிரிட்டிஷ் காலனிகள் 1910இல் ஒரே நாடானதற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம். ரயில்களையும் துறைமுகங்களையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்து 'தென்னாப்பிரிக்க ரயில்வே மற்றும் துறைமுகங்கள்' உருவானது. 1934இல் விமான சேவையும் அதன் கைக்கு வந்தது. 1990இலிருந்து அதன் வாரிசு டிரான்ஸ்நெட்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1924இல் வந்த அரசு 'நாகரிக உழைப்பு' என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஏழை வெள்ளையர்களுக்கு வேலை கொடுக்க, ரயில்வேயிலிருந்து கறுப்பினத்தவரும் இந்தியரும் ஏராளமாக வெளியேற்றப்பட்டார்கள். பாதை போட்டவர்களின் பிள்ளைகளுக்கே அங்கே இடமில்லை என்றாகிவிட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் செங்கல் நிலையத்தில் 1893 ஜூன் 7 இரவு நடந்ததைச் சொல்லும் பலகை முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன். பிறகு நடைமேடை ஓரம் போய்த் தண்டவாளத்தையும் ஒரு படம் எடுத்தேன். வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டியது அந்தப் படத்தைத்தான்.